மூன்று தலைமுறை உலை

"வியாழக்கிழமையா?"

பேராசிரியர் நூமகுரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் அதேதான் இருந்தது.

செயற்கை நுண்ணறிவு தேர்ந்து கொடுத்த புதிய கலவையை ஜப்பானின் அந்த சென்டாய் நகர ஆய்வுக்கூடத்தில் எட்டு மாதமாக உலையில் வில்லைகளாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சில வில்லைகள் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகி, காந்தத்தின் மேல் ஜம்மென்று மிதந்தன. பல கல்லாய்க் கிடந்தன. காரணம் கேட்டதற்கு, தேதி முதல் வானிலை வரை எழுதிய குறிப்பேடுகளை விழுங்கிவிட்டு இயந்திரம் சொன்ன பதில் இது: மிதந்தவை எல்லாம் வியாழக்கிழமை சுட்டவை.

மாதக் கடைசி வெள்ளியன்று அமைச்சகக் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே வில்லை மிதக்காவிட்டால், தாத்தா தொடங்கி அப்பா காத்த கூடத்துக்குப் பூட்டு. நூமகுரா குடும்பத்தில் எவரும் இதுவரை தலைகுனிந்ததில்லை.

"வியாழன்ல பக்கத்துப் பாதையில சரக்கு ரயில் ஓடாதுங்க ஐயா," என்றாள் உதவியாளர் மிசாவோ. "அதிர்வு இல்லாததால இருக்குமோ?"

"பிடிச்சுட்டேம்மா! வர்ற வியாழன் நானே உலைகிட்ட நிக்கறேன்!"

நின்றார். மற்ற நாட்களில் செய்வதுபோலவே, தாத்தா வழக்கப்படி மணிக்கொரு தரம் கதவைத் திறந்து நிறம் பார்த்தார். "ஆகா, உதயசூரியன் மாதிரி இருக்கு!" என்று குதூகலித்தார்.

வில்லை அசையவில்லை.

"என் கவனிப்பு போதல."

அடுத்த வியாழன் லிஃப்டை நிறுத்தினார். மாடியில் நடந்தவர்களை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். அரைமணிக்கொரு தரம் கதவைத் திறந்தார். வில்லை இரண்டாய்ப் பிளந்தது.

"தும்மினது யாரு?" என்று உறுமினார்.

"நீங்கதான் ஐயா," என்றாள் மிசாவோ.

கடைசி வியாழன் வந்தது. மறுநாள் குழு. பேராசிரியர் மெத்தையும் சோற்றுருண்டைப் பெட்டியும் கொண்டுவந்து, உலைக்கு நேர் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாக்கப்போறேன். நூமகுரா கண்ணுக்குத் தப்பி எதுவும் வேகாது!"

தரை துடைத்துக்கொண்டிருந்த தோமியே அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அதெல்லாம் மிதந்த வியாழக்கிழமைங்கள்ல நீங்க டோக்கியோ கூட்டத்துக்குப் போயிருந்தீங்க."