ஒரே ஒரு விரல்

மாமாக்களில் எத்தனையோ ரகம் உண்டு. பந்தியில் சாம்பாருக்கு மார்க் போடும் மாமா, சண்டையை விலக்கப் போய் அடி வாங்கும் மாமா, கேட்காமலே மருந்து சொல்லும் மாமா. இவர்களால் ஊருக்குப் பெரிய தொல்லை கிடையாது. நாம் பார்க்கப்போவது 'ஒரு விரல்' மாமாவை. பினாங்கில் இந்த ரகத்துக்குப் பஞ்சமே இல்லை.

பாயான் பாருவில் இருக்கும் சிவநேசனை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கோவில் கமிட்டியிலும் இருக்கிறார். இளைஞர்கள் கெட்டுப்போவதைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு முறை மைக் பிடித்து உருகுவார். நல்ல மனுஷர், சத்தியமாக.

தீபாவளி வந்தால் இந்த நல்ல மனுஷர் என்ன செய்வார்? பெண்கள் கண்ணில் படாதபடி தன் காடியை, அதாவது காரை, திருப்பி நிறுத்தி, அதன் பின்மூடியைத் தூக்கி வைத்து, ஐஸ் பெட்டி, சோடா, பாட்டில், பிளாஸ்டிக் கப் எல்லாவற்றையும் பூஜைக்கு அடுக்குவதுபோல் அடுக்கிவிட்டு, அந்தப் பக்கமாகப் போகிற பையன்களின் மேலுதட்டை நோட்டம் விடுவார். லேசாக மீசை தெரிந்ததோ, தொலைந்தான்.

"டேய் தம்பி, இங்க வா. என்ன வயசு? பதினஞ்சா? ஆம்பளயாயிட்டடா! ஒரே ஒரு விரல்தான் லா."

"வேணாம் மாமா, அப்பா திட்டுவாரு."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வீட்டுல பழகிட்டா வெளிய போய்க் கெட மாட்ட."

எந்த ஆராய்ச்சியில் கண்டது இது? யாருக்குத் தெரியும்! விரலைக் கப்பின் அடியில் படுக்கவைத்து, அந்த உயரத்துக்கு ஊற்றுவதுதான் அளவு. ஆனால் மாமாவின் வயிற்றுக்குள் மூன்று கப் போன பிறகு, படுத்திருந்த விரல் எழுந்து நின்றுவிடும். அப்போதும் அது ஒரு விரல்தானே? இருபத்தொரு வயதாகாதவனுக்குக் கடையில் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சிவநேசன் சட்டத்தை மதிப்பவர். விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறார்!

இந்த ரகத்துக்கு ஒரு கொள்கை உண்டு. தன் பிள்ளைக்கு மட்டும் ஊற்ற மாட்டார்கள். அப்பன் கையால் பிள்ளைக்கா? சீச்சீ, மரியாதை என்ன ஆவது? ஊற்றுவதெல்லாம் அடுத்தவன் பிள்ளைக்குத்தான்.

இந்தத் தீபாவளிக்கு சிவநேசனின் மகன் குகனுக்குப் பதினைந்து வயது. வாசலில் சிவநேசனின் காடியோடு சேர்த்து ஐந்து காடிகள், ஐந்துக்கும் பின்மூடி திறந்திருந்தது. "மாமாங்களுக்கு முறுக்கு குடுத்துட்டு வாய்யா" என்று அம்மா பிரமிளா அனுப்ப, விருந்தாளிகளை உபசரிக்கும் மும்முரத்தில் தான் சாப்பிடாமலே தட்டைத் தூக்கிக்கொண்டு போனான் பையன். நான்கு காடி, நான்கு மாமா. ஐந்தாவது காடியில் அப்பா வேறு யாருடைய பிள்ளைக்கோ விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பிரமிளா அலறினாள். "என்னங்க, குகன் எழும்ப மாட்டேங்கிறான்!"

துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், வாந்தியில் முகம் புதைந்து கிடந்தான். உடம்பு ஜில்லென்றிருந்தது. உதடு நீலம். மூச்சு வந்தது, நின்றது, யோசித்து யோசித்து மறுபடி வந்தது.

"மோர் குடுங்க" என்றார் ஒரு மாமா. "தூங்கட்டும், தெளிஞ்சிரும்" என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே! வாசலில் ஐந்து காடி. ஓட்டும் நிலையில் ஓர் ஆம்பளை இல்லை. பிரமிளாதான் சாவியைப் பிடுங்கினாள். ஐஸ் பெட்டியும் பாட்டிலும் தெருவில் உருள உருள ஓட்டினாள். பின் இருக்கையில் மகனை மடியில் போட்டுக்கொண்டு, "மூச்சு விடுடா, மூச்சு விடுடா" என்று சிவநேசன் வழியெல்லாம் அழுதார்.

மற்ற நால்வரும் வாடகைக் காடி பிடித்துப் பின்னாலேயே வந்தார்கள். நல்ல மனுஷர்கள்தானே.

"எவ்வளவு குடிச்சான்?" என்றார் டாக்டர் சிந்துஜா.

நால்வரும் ஆளுக்கு ஒரு விரலை உயர்த்தினார்கள். "ஒரே ஒரு விரல்தான் டாக்டர்."

"வெறும் வயித்துல நாலு பேர் குடுத்தது அங்கிள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா இந்நேரம் பையன் இல்ல. மூளை இன்னும் வளர்ற வயசு இது."

சிவநேசனுக்கு ரத்தம் கொதித்தது. "யாரக் கேட்டுடா என் பிள்ளைக்கு ஊத்துனீங்க?"

நால்வரில் ஒருவரான ஸ்ரீகரன் தலை நிமிரவில்லை. "போன வருஷம் என் மகன் கபிலனுக்கு நீங்க யாரக் கேட்டு ஊத்துனீங்கண்ணே? இப்ப அவன் ஸ்கூல் பேக்ல பாட்டில் வச்சுக் கொண்டு போறான். வெட்கத்துல உங்ககிட்ட சொல்லல."



பொழுது சாயும்போது குகன் கண் திறந்தான். "ஏம்ப்பா, வேணாம்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார் சிவநேசன்.

"எப்படிப்பா? பெரியவங்க குடுத்தா மறுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

சிவநேசனைப் பார்த்துச் சிரித்தீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். நீங்கள் கொடுப்பது பீர், அதுவும் அரைக் கப், அதுவும் கல்யாணத்தில் மட்டும், அதுவும் சொந்தக்காரப் பையனுக்கு. சரி, சரி. அடுத்த விசேஷத்துக்கு உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அச்சு அசலாக உங்களைப் போலவே ஒரு நல்ல மனுஷர் அவனுக்காகக் காத்திருப்பார்.