பேய் வருவதற்கு முந்தைய நாற்பது நொடி

மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, கட்டடத்தின் நாலாவது மாடியில், லிஃப்டுக்கு அடுத்த சோதனை அறையில், பேயைப் பார்த்து ஏழு பேர் சிரித்தார்கள்.

அவர்கள் சிரிப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் அல்ல. வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்ன நிறுவனம் இரண்டு வருடமாக ஒரே ஒரு பேய் விளையாட்டைக் கட்டிக்கொண்டு மாரடித்துக்கொண்டிருந்தது. ஆடுபவர் கையில் ஒரு டார்ச் விளக்கோடு காலியான ஒரு வீட்டுக்குள் நுழைவார். அறை அறையாகத் தேடுவார். எங்கிருந்தாவது பேய் வரும். அவ்வளவுதான் கதை. ஆடும்போது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். நாடித் துடிப்பு சுவரில் சிவப்பு எண்ணாகத் தெரியும். அன்றைக்கு ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அந்த எண் எண்பதைத் தாண்டவில்லை.

பேயை வரைந்த ஓவியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எட்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக வரைந்த பேய் அது. ஆடியவர்களில் ஒரு பெண் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"காதைப் பொத்திக்கிட்டுப் பார்த்தா நிஜமாவே பயமா இருக்குங்க. கையை எடுத்தாத்தான் சிரிப்பு வருது."

எல்லோருடைய தலையும் ஒலிக்காரர் பக்கம் திரும்பியது.

ஒலிக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த அலுவலகத்தில் எல்லோரையும்விட மூத்தவர். கதவு கிறீச்சிடுவதிலிருந்து மழை சொட்டுவதுவரை விளையாட்டில் கேட்கும் சத்தம் எல்லாம் அவர் கைவேலை. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. காபி இயந்திரத்தின் முன்னால் யாராவது வரிசையில் குறுக்கே புகுந்தால், ஒதுங்கி வழிவிடுகிற மனிதர். ஓவியர் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவளான முதலாளியம்மாள் "சார்" என்று கூப்பிட்டாள்.

அன்று மாலை அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று பொருள்.

"இருபத்து மூணாம் தேதி வெளியீட்டாளர் ஆளுங்க வர்றாங்க சார். நாடி நூத்தி இருபதைத் தொடணும்னு சொல்லிட்டாங்க. தொடலைன்னா, சத்தத்தையெல்லாம் வெளியில ரெடிமேடா எடுத்துப் போட்டுக்குங்கன்னு ஒரு யோசனையும் சொல்லியிருக்காங்க."

"அப்போ நான்?"

அவள் மேஜையிலிருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தாள். அதுதான் பதில்.

மறுநாளே அவர் பேயின் அலறலை மூன்று மடங்கு கூட்டினார். ஆடியவர்கள் முதல் தடவை திடுக்கிட்டார்கள். இரண்டாவது தடவை ஹெட்போனைக் கழற்றிக் காதைக் குடைந்தார்கள். மூன்றாவது தடவை ஒருவர், குக்கர் விசில் மாதிரி இருக்கிறது, இன்னும் எத்தனை விசில் பாக்கி என்று கேட்டார்.

புதன்கிழமை அலறலை எடுத்துவிட்டுப் பெருமூச்சைச் சேர்த்தார். அதற்காக ஒலிப்பதிவு அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் மைக் முன்னால் தானே மூச்சு வாங்கினார். ஆடவந்த ஒரு மருந்துக்கடைக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு, இந்தப் பேய்க்கு மூச்சிரைப்பு இருக்கிறது, ஒரு இன்ஹேலர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அக்கறையாகச் சொன்னார். நாடி எழுபத்து நாலு.

வியாழக்கிழமை பேயை அழவைத்தார். அதுவும் அவர் குரல்தான். ஓவியர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"அண்ணே, இது பேய் அழுவுற மாதிரி இல்ல. லீவு கேட்டு, லீவு கிடைக்காத ஆளு அழுவுற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமைக்குள் அக்கம்பக்கத்தில் ஆடிப் பார்க்க ஆளே மிச்சமில்லை. கீழே வாசலில் இருந்த காவலாளியைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அறுபது வயது மனிதர். சுவரில் எண் எழுபது, அறுபத்தைந்து, அறுபத்தொன்று என்று இறங்கியது. எட்டிப் பார்த்தால் தூங்கிப்போயிருந்தார். பேய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தது.

எழுப்பியதும் அவர் கூச்சத்தோடு எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒலிக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஏன் பயமே வரவில்லை என்று உண்மையாகவே கேட்டார்.

"வந்துருச்சே சார்," என்றார் காவலாளி. "இந்தா நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன பயம்? வருமோ, எப்ப வருமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்போம் பாருங்க, அதான் சார் பயம். உங்க விளையாட்டுல அதுக்கு நேரமே குடுக்க மாட்டேங்குறீங்க. எந்நேரமும் பின்னாடி ஒரே வயலினு."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் தனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சொல்லிவிட்டாரே என்று ஒலிக்காரருக்கு ஒரு நிமிடம் முகம் சுண்டியது. பிறகு, அவர் சொல்வது சரிதான் என்று பட்டது. பேய் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன கேட்க வேண்டும்? ஒரு சாதாரண வீடு கேட்க வேண்டும். மனிதர்கள் இருக்கும் வீடு. அப்புறம் அது மெல்ல அடங்க வேண்டும். வயலின் கூடாது, மூச்சு கூடாது. உண்மையான வீட்டின் உண்மையான அமைதி.

அதற்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. அவர் வீட்டிலேயே இருந்தது.

தன் வீட்டைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க வீட்ல குண்டூசி விழுந்தாக் கேக்கும்" என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார். நாளெல்லாம் காதை வேலைக்கு விட்ட மனிதனுக்கு வீட்டிலாவது நிம்மதி வேண்டாமா? கல்யாணமான புதிதில் மனைவியிடம் இதை ஒரு முறை சொன்னார். மகள் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது ஒரு முறை சொன்னார். அடித்ததில்லை, திட்டியதில்லை. சத்தம் கேட்டால் அறை வாசலில் வந்து நின்று பார்ப்பார். அவ்வளவுதான். ஆண்டவன் புண்ணியத்தில் இருவருமே அதிர்ந்து பேசாத சுபாவமாக அமைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பதினொரு வயது மகளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார், நடப்பதே தெரியாது. போன வருடம் பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை, உங்கள் பெண் ஓயாமல் பேசுகிறாள், பிள்ளைகள் அவளை ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள் என்று புகார் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொன்னார். வேறு பெண்ணாக இருக்கும் என்றார்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை. மனைவிக்கும் மகளுக்கும் விடுமுறை. வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு ரெக்கார்டரை வைத்தார். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தானாக ஓட ஆரம்பிக்கும்.

"சாயங்காலம்வரை ஓடும். பேச்சுச் சத்தம் வேண்டாம்," என்று மனைவியிடம் சொன்னார்.

"சரிங்க," என்றாள் அவள், வழக்கம்போல.

ஆறு மணிக்கு வந்து கருவியை அணைத்து எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர், தவறான கோப்பைத் திறந்துவிட்டோமோ என்று இரண்டு முறை பெயரைச் சரிபார்த்தார்.

ஒரே அமளி. டிவி அலறியது. யாரோ கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். ஒரு பெண்பிள்ளை மூச்சுவிடாமல் பேசியது; பள்ளியில் நடந்த ஒரு சண்டையை, சண்டை போட்ட மூன்று பேரின் குரலிலும் நடித்துக் காட்டியது. இடையே ஒரு ஆண் குரலைப் போலத் தொண்டையைச் செருமியது. உடனே இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்று மணி வாக்கில் சமையலறையிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ரேடியோ என்று முதலில் நினைத்தார். நடுவே வரி மறந்துபோய், "ம்ம்ம்" என்று இழுத்து, மறுபடி பிடித்துக்கொண்டது. ரேடியோ வரி மறக்காது. பாடியது மனைவி. பதினான்கு வருடத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை.

நல்ல குரல். சுருதி சற்றும் விலகவில்லை. தொழில்காரர் அல்லவா, அதைக் கவனித்தார். இரண்டு நிமிடம் கேட்கவும் செய்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். வெளியீட்டாளர் வர ஏழு நாள் இருந்தது. சொல்லியும் கேட்காமல் ஆறு மணி நேரப் பதிவை வீணடித்துவிட்டார்களே என்று எரிச்சல் வந்தது. பதிவைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனார்.

கடைசியில்தான் கிடைத்தது. எங்கோ தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிறது. பேச்சு பாதி வார்த்தையில் நிற்கிறது. டிவி அணைகிறது. வெறுங்கால்கள் வேகமாகத் தரையில் ஓடுகின்றன. நாற்காலி ஒன்று தரையில் உரசாமல் தூக்கி நகர்த்தப்படுகிறது. குழாய் மூடப்படுகிறது. ஒரு கதவு, தாழ்ப்பாள் சத்தம் வராதபடி, பிடித்துச் சாத்தப்படுகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சுகூட இல்லை. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கிற அமைதி.

சரியாக நாற்பது நொடி. கடைசியிலாவது நாம் சொன்னது நினைவுக்கு வந்ததே என்று அவருக்குத் திருப்தி. அதற்குப் பின்னால் வண்டியை நிறுத்தும் சத்தமும், சாவி திரும்பும் சத்தமும், அவரே வந்து கருவியை அணைக்கும் சத்தமும் இருந்தன. அவை வேண்டாம் என்று வெட்டினார். முன்னால் இருந்ததையும் வெட்டினார். தேவைப்படாததை அன்றன்றே அழித்துவிடுவது அவர் பழக்கம். மேஜையும் சுத்தம், கணினியும் சுத்தம். வெட்டியதைப் போட்டு இரைச்சல் என்று பெயரிட்டிருந்த கோப்பை அழித்துவிட்டு, மெமரி கார்டைத் துடைத்து வைத்தார்.

அந்த நாற்பது நொடியைப் பேய் வருவதற்கு முன்னால் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஆறு பேரில் ஒருவர் டார்ச்சோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். அடுத்த அறைக்குப் போகவே மாட்டேன் என்றார். ஒரு கல்லூரி மாணவி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாடி நூற்று இருபத்தாறு. மருந்துக்கடைக்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். பாதியில் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

"எங்க சார் பிடிச்சீங்க இதை?" என்று முதலாளியம்மாள் கேட்டாள்.

"நம்ம வீட்லதான் மேடம்," என்றார் ஒலிக்காரர். அவ்வளவு பெருமையாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

இருபத்தோராம் தேதி சனிக்கிழமை மனைவிக்குக் கண் மருத்துவரிடம் போகவேண்டியிருந்தது. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிப் பையோடு அவளை அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, வைத்த பொம்மை மாதிரி இருந்தாள். அதைப் பார்த்த முதலாளியம்மாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வீடு எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று ஒரு குழந்தையை நடக்கவிட்டுப் பார்க்கலாமே என்றாள்.

"வேண்டாம் மேடம். ரொம்பப் பயந்த சுபாவம்."

"பேயை எடுத்துடறோம் சார். சும்மா வெறும் வீட்டுக்குள்ள நடக்கட்டும். பேயே இல்லைன்னா என்ன பயம்?"

அவர் ஒப்புக்கொண்டு, பக்கத்து ஒலிப்பதிவு அறைக்குள் போய் உட்கார்ந்தார். சோதனை அறைப் பேச்சு அங்கே ஹெட்போனில் கேட்கும். இடையில் ஒரு கண்ணாடி. அவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கலாம்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மகள் பேச ஆரம்பித்தாள். படத்தில் இருக்கும் சோபா கோணலாக இருக்கிறது, திரைச்சீலை தைத்த தையல்காரருக்கு டேப் பிடிக்கத் தெரியாது, இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு குப்பைக்கூடை இல்லையே, அதனால்தான் ஆட்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டார்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஓவியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒலிக்காரர் கண்ணாடிக்கு அருகே நாற்காலியை நகர்த்தினார். அது தன் மகள்தான் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்பவர் போலப் பார்த்தார். சுவரில் எண் எண்பத்திரண்டு.

அவள் நடுக்கூடத்துக்கு வந்தாள். எங்கோ தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது.

பேச்சு பாதி வார்த்தையில் நின்றது.

கன்ட்ரோலரை மேஜை விளிம்புக்கு நேராக, சத்தம் வராமல் வைத்தாள். குனிந்து பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். விரித்தாள். முதுகை நிமிர்த்தி, பேனாவைப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டாள். சுவரில் எண் நூற்று முப்பத்தொன்று.

ஓவியர் பதறிப்போனார். "என்னம்மா, பயந்துட்டியா? பேயெல்லாம் வராதும்மா. அதை எடுத்துட்டோம்."

அவள் தலை நிமிராமல், உதடு மட்டும் அசையச் சொன்னது ஒலிக்காரரின் ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது.

"பேய் இல்ல அங்கிள். அப்பா வந்துட்டாரு."

இருபத்து மூன்றாம் தேதி வெளியீட்டாளரின் ஆட்கள் நான்கு பேர் வந்து ஆடினார்கள். சராசரி நூற்று இருபத்தெட்டு. விளையாட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒலிக்காரரின் நாற்காலி தப்பியது. அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் கணினி முன்னால் உட்கார்ந்து, இரைச்சல் என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை.