ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய ரங்கூன் மல்லி

ஒரு தொழிலில் கெட்டிக்காரன் எல்லாத் தொழிலிலும் கெட்டிக்காரன் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த முட்டாள்களில் எனக்கு முன்வரிசை.

ஆம்பூர்த் தோல் சீமைக்குக் கப்பலேறிய காலம். இருபத்து மூன்று வயதில் நான் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. (தலையில் கனம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.) முதலாளி வீட்டு முற்றத்தில் ஒரு ரங்கூன் மல்லிக் கொடி. அவர் மனைவி பீபியம்மாவின் தாயார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்து நட்டது. கொடி நின்ற இடத்தில் கிடங்கு கட்டப்போவதால் அதை வெட்டியாக வேண்டும்.

“குச்சி வெட்டி நட்டா வருமா மேஸ்திரி? எங்கம்மா ஞாபகமா இது ஒண்ணுதான் இருக்குது” என்று திரைக்குப் பின்னாலிருந்து பீபியம்மா கேட்டார்.

“நான் இருக்கேன்மா. பன்னண்டு கொடி தர்றேன்!” என்றேன். அதுவரை நான் கீரை விதைகூடத் தூவியதில்லை.

என் மனைவி காமாட்சி கலவை என்கிற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். “பாலாத்து மணல்ல நட்டு நிழல்ல வெய்யுங்க. தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்க, அழுகிடும்” என்றாள்.

அழுகலைப் பற்றி எனக்கே பாடமா? செத்த மாட்டுத் தோலையே அழுகாமல் காக்கிறவன் நான்! பன்னிரண்டு குச்சிகளையும், தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தொட்டியில் மூன்று நாள் ஊறப்போட்டுத்தான் முதலாளி வீட்டு முற்றத்து ஓரத்தில் நட்டேன். அதற்குள் தாய்க்கொடியை வேரோடு தோண்டிவிட்டார்கள்.

ஒரு மாதம் போயிற்று. குச்சிகள் அழுகவில்லை; துளிர்க்கவும் இல்லை. பீபியம்மா கேட்கும்போதெல்லாம், “வேர் புடிக்குதும்மா” என்று புளுகினேன். கடைசியில் முதலாளியே வந்து ஒரு குச்சியைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

“இன்னாய்யா, டேனரி நாத்தம் அடிக்குது?”

உண்மையைச் சொன்னேன்.

“அடப்பாவி, செடியையும் பதம் பண்ணிட்டியா! செருப்பு தைக்கத்தான் ஆவும் இது.”

முற்றமே சிரித்தது. திரைக்குப் பின்னால் மட்டும் விசும்பல் கேட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலை போகவில்லை, உயரவும் இல்லை. கடைசி நாள்வரை மேஸ்திரியாகவே இருந்தேன். அந்தக் குச்சிகளில் ஒன்று எங்கள் புழக்கடைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. கரையான்கூடத் தொட்டதில்லை. அது என்ன குச்சி என்று விருந்தாளிகள் கேட்டால் காமாட்சிக்கு ஒரே குஷி.

“அதுவா? எங்க வூட்டுக்காரர் நட்ட பூங்கொடி. அழுகவும் அழுகாது, துளிர்க்கவும் துளிர்க்காது. அவர மாதிரியேதான்.”