பெரம்பலூரில் பஞ்சரான வரலாறு

தமிழ்நாட்டு வரலாறு முழுவதும் பெரம்பலூரில்தான் திசை மாறியது என்று நிரூபித்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவர் பேராசிரியர் அல்லர்; பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். 'அன்னைக்கு மட்டும்' என்று ஆரம்பிக்காமல் அவரால் ஒரு கதையும் சொல்ல முடியாது. அதனால் ஊரே அவரை 'அன்னைக்குமட்டும் அண்ணன்' என்றது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகியிருந்த புதிது. இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து வந்த நான், அவர் கடை மாடியில் குடியேறினேன். முதல் நாளே தன் சித்தாந்தத்தை எனக்கு விளக்கிவிட்டார்.

"நம்ம ஊருக்கு ரயில் கிடையாது தம்பி. மெட்ராஸ்லேருந்து திருச்சிக்கு ரயில்ல போறவன் தூங்கிக்கிட்டே போயிடுவான். கார்ல வர்றவன் நம்ம ஊர்ல எறங்குவான். எறங்குனா ஏதாவது நடக்கும். நடந்துச்சுன்னா வரலாறு மாறும்."

சினிமாவும் இதற்கு விலக்கல்ல. ஒருமுறை லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர். கடைசியில் கதாநாயகன் இறந்துபோகும் படம் ஒன்றின் கேசட்டை வாடகைக்கு எடுத்தார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம்.

"ஹீரோ ஷூட்டிங் போற வழியில நம்ம பாலக்கரையில கரும்புச்சாறு குடிச்சாரு பாய். தொண்டை கட்டிக்கிச்சு. கிளைமாக்ஸ் வசனம் பேச முடியல. பேச முடியாத ஆளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சாகடிச்சிட்டாங்க. அன்னைக்கு மட்டும் அவரு டீ குடிச்சிருந்தா, பொழைச்சு வந்து தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருப்பாரு."

அந்தக் கல்யாணத்தை பாடாத பாட்டோடும் இல்லாத பந்தியோடும் அரை மணி நேரம் வர்ணித்தார். மறுநாள் காலையில் பாய் கேசட்டோடு வந்து நின்றார்.

"யா அல்லா! எங்கம்மா நேத்துலேருந்து அழுவுது. மீதிக் கேசட்டைக் குடுங்கண்ணே."

"அதை எடுக்கவே இல்லை பாய்."

"தங்கச்சி கல்யாணம்?"

"கரும்புச்சாறுல போயிடுச்சு."

பாய் கேசட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த வாரமும் வந்தார். கேசட் எடுக்க அல்ல, மீதிக் கதை கேட்க.

கட்சிக் கதைகள் இன்னும் மோசம். கட்சிகளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, எதற்கு வம்பு? இரண்டாக உடைந்த ஒரு கட்சி. ஒரு பிரிவின் தலைவருக்குப் பெரம்பலூரில் கார் பஞ்சர். பின்னாலேயே வந்த இன்னொரு தலைவர் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டாராம். "அன்னைக்கு மட்டும் லிஃப்ட் குடுத்திருந்தா, திருச்சி போறதுக்குள்ள கட்சி ஒண்ணாயிருக்கும்" என்பார் அண்ணன்.

அதோடு விட்டாரா? ஒன்றான கட்சிக்கு மாநாடு நடத்தினார். மந்திரிசபை அமைத்தார். நாலு பேரை நீக்கி, இரண்டு பேரைத் திரும்பச் சேர்த்தார். நாளாக நாளாக 'அன்னைக்கு மட்டும்' உதிர்ந்துபோய், நேரடியாக மந்திரிசபையிலிருந்தே தொடங்கினார். மூன்று வருடம் தினமும் கேட்ட எனக்கு எது நடந்தது, எது நடக்காதது என்பதே குழம்பிவிட்டது. பேப்பரைப் படித்தால் அதில்தான் ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறது என்று தோன்றும்.

இந்த லட்சணத்தில் உடையார்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அதே கட்சியின் ஒரு பிரிவில் கிளைச் செயலாளர். வேட்டிக் கரையே அதைச் சொல்லியது.

"தம்பிக்கு அரசியல் ஞானம் உண்டா?" என்றார்.

"உண்டுங்க. உடைஞ்ச உங்க கட்சி மறுபடி ஒண்ணாச்சே, அந்த மந்திரிசபையை மறக்க முடியுங்களா?"

அவர் டம்ளர் பாதி வழியில் நின்றது. "எப்ப ஒண்ணாச்சு?"

"பெரம்பலூர்ல கார் பஞ்சரானப்பங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. காபி கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்தான். அந்தச் சிரிப்பை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். அவள் அப்பா அதே நிமிடத்தில் வேறு முடிவு செய்தார்.

"பதினாறு வயசுல கொடி புடிச்சவன்யா நான். அவனுங்களோட நாங்க ஒண்ணானோமா? பொண்ணு கெடையாது, போயிட்டு வாங்க."

ஊர் திரும்பி அண்ணனிடம் அழாத குறையாகச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். அரியலூர் வரும்வரை கெஞ்சினேன். "'அது நான் கட்டிவிட்ட கதை'ன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வேற எதுவும் வேணாம்." சரி என்று தலையாட்டினார்.

உள்ளே நுழைந்ததும் அவர் கண், சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் விழுந்தது. மாலையும் குடையுமாக ஓட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார் பெண்ணின் அப்பா.

"இது எந்த எலக்‌ஷனுங்க ஐயா?"

"பேரூராட்சித் தலைவர் எலக்‌ஷன். பத்து ஓட்டுல போச்சு. மத்தியானம் புடிச்ச மழை விடவே இல்லை. நம்ம சனம் வூட்டைவிட்டு வரல." குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு மட்டும் மழை பெய்யாம இருந்திருந்தா..." என்றார் அண்ணன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்க தலைவர். அடுத்த எலக்‌ஷன்ல எம்.எல்.ஏ. அதுக்கடுத்து மந்திரி."

"என்ன இலாகா?" என்றார் பெண்ணின் அப்பா.

"பொதுப்பணிங்க."

"விவசாயம் கெடைக்காதா?"

"கேட்டா குடுத்திருப்பாங்க."

"கேட்டிருப்பேன்."

"மந்திரி பொண்ணை இந்தக் கிளார்க்குக்கா குடுப்பீங்க? பெரிய எடத்துல குடுத்திருப்பீங்க. மாப்பிள்ளைக்கு உங்க பக்கத்துல ஒக்காரக்கூட நேரம் இருந்திருக்காது. பொண்ணைப் பாக்கணும்னா பி.ஏ. மூலமா நாள் கேட்டிருப்பீங்க. இந்தத் தம்பின்னா மூணு மணி நேரத்துல பஸ்ல கூட்டிக்கிட்டு வந்துடும்."

பெண்ணின் அப்பா போட்டோவையே பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மழை பேஞ்சதும் நல்லதுக்குத்தான்" என்றார். "தம்பி, காபி ஆறுது. குடிங்க."

தை மாதம் கல்யாணம். இன்றைக்கும் என் மாமனார் நாலு பேர் கூடினால், "நான் விவசாய மந்திரியா இருந்தப்ப" என்று தொடங்கிவிடுகிறார். என் மகள் பள்ளிக்கூடத்தில் அதை அப்படியே சொல்லிவிட, தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு மரியாதையாக விசாரித்தார். நானும் ஒரு கணம் யோசித்துத்தான் மறுத்தேன்.

கல்யாணம் முடிந்த சாயங்காலம் அண்ணனை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஊருக்கெல்லாம் மாற்று வரலாறு சொன்னவர், எனக்கு ஒன்று சொல்லட்டுமே என்று கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் நீங்க என்கூட வராம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்ணே?"

யோசித்தார். பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறாமல் யோசித்தார். பஸ் போய்விட்டது.

"அந்தக் கதை எங்கிட்ட இல்லை தம்பி. நான் எப்படி வராம இருப்பேன்?"