பரணேறிய எண்ணெய்ச் சட்டி

எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றியது நான்தான். என் கையாலேயே ஏற்றினேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி சண்முகசுந்தரி. "இன்னும் உள்ள தள்ளுங்க, இன்னும் உள்ள" என்று அவள் சொல்லச் சொல்ல, கை எட்டாத மூலை வரைக்கும் தள்ளிவிட்டு இறங்கினேன். கண் கலங்கியிருந்தது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையால் வந்த வினை. கொழுப்பு கூடியிருக்கிறது என்றார் டாக்டர். "அது அவங்க பேச்சுலயே தெரியும் டாக்டர்" என்றாள் சுந்தரி. டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் எண்ணெய்ப் பலகாரங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டார். மறுவாரமே வீட்டில் ஏர் ஃப்ரையர் வந்து இறங்கிவிட்டது.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். கப்பலில் வரும் சரக்கைக் கஸ்டம்ஸில் பேசி வெளியே எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. எவ்வளவு சிக்கலான கன்டெய்னராக இருந்தாலும் செல்லப்பாண்டி கையில் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்று ஆபீசில் எனக்குப் பெயர். நாளெல்லாம் நிலக்கரித் தூசியையும் உப்புக் காற்றையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், காப்பியோடு நாலு ஆமவடை, இல்லாவிட்டால் வாழைக்காய் பஜ்ஜி. நான் உயிரோடிருந்ததே அதற்காகத்தான்.

"இதுல எண்ணெயே வேண்டாமா?" என்று அந்த மிஷினைச் சுற்றி வந்து பார்த்தேன்.

"ஒரு கரண்டி போதும்."

"ஒரு கரண்டி எண்ணெயில பஜ்ஜி எப்படிளா மிதக்கும்?"

"மிதக்காது. உக்காந்துதான் வேகும்."

"பஜ்ஜி உக்காரக் கூடாது சுந்தரி. பஜ்ஜின்னா மிதக்கணும்."

"நீங்க இருக்கணுமா, பஜ்ஜி மிதக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உருளைக்கிழங்கை வேகவைக்கப் போய்விட்டாள். அன்று செய்தது காய்கறிச் சீஸ் உருண்டை. உருளைக்கிழங்கை மசித்து, கேரட், பீன்ஸ், மக்காச்சோளம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் ஒரு துண்டு சீஸை ஒளித்து உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டி, மேலே பட்டும் படாமலும் எண்ணெய் தடவி உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் டிங் என்றது. கடித்தால் மேலே மொறுமொறுப்பு. உள்ளே சீஸ் நூலாக இழுபட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். நன்றாக இல்லாவிட்டால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"மாடியில ஜெயஷீலா அக்காவுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வாங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினாள்.

மாடி வீட்டில் ஜேசுபாதம் அண்ணாச்சியும் அவர் மனைவி ஜெயஷீலா அக்காவும் இருக்கிறார்கள். அண்ணாச்சி நாசரேத்துக்காரர். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எல்லாமே கருப்பட்டிதான். காப்பி, பாயசம், கேக், எதுவானாலும் சொந்தப் பனையில் இறக்கிக் காய்ச்சின கருப்பட்டி. "சீனி போட்ட காப்பிய மனுஷன் குடிப்பானா?" என்பார். நானும் எத்தனையோ தடவை அங்கே கருப்பட்டிக் காப்பி குடித்திருக்கிறேன். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டேன்.

அக்கா உருண்டைகளைத் தட்டில் கொட்டிக்கொண்டு, டப்பாவைக் கழுவி, அடியில் ஒரு துண்டு நியூஸ்பேப்பர் விரித்து, சுடச்சுட ஆமவடைகளை அடுக்கிக் கொடுத்தார்.

"எதுக்கு அக்கா இதெல்லாம்?"

"வெறும் டப்பாவக் குடுக்கலாமா தம்பி?"

படி இறங்க ஆரம்பித்தேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. டப்பாவைத் திறந்தேன். நியூஸ்பேப்பரில் எண்ணெய் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. அந்த மணத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்தேன். எழுந்தபோது டப்பாவில் பேப்பர் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் பயம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். கொடுக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் டப்பாவோடு போய் நின்றால் சுந்தரி நேரே என் வாயைத்தான் மோந்து பார்ப்பாள். சட்டைப் பையைத் தடவினேன். ஆபீசில் டீயோடு கொடுத்த சீனிப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பேப்பரை எறிந்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினேன். சரக்கை மாற்றி உள்ளே அனுப்புவது எனக்கு ஒரு வேலையா என்ன.

சுந்தரி டப்பாவைத் திறந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சீனியா?"

"ஆமா. அக்காவுக்கு ஏதோ சோலி. வெறுமனே தரக்கூடாதுன்னு சீனி போட்டுத் தந்தாவ."

"நல்ல மனுஷி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனித்தேன். என் மண்டைக்குள் அதற்குள் பெரிய திட்டம் ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது. உருண்டை மேலே போனால் வடை கீழே வரும். தினமும் உருண்டை போனால் தினமும் வடை வரும்.

மறுநாளே அறிவித்தேன். "இனிமே சாயங்காலம் அடுப்படிய நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்களா?"

"ஏன், ஆம்பள சமைச்சா ஆகாதா?"

"ஆகும் ஆகும். ஏப்ரன் வேணுமா?"

முதல் நாள் சீஸ் முழுக்க உருகி வெளியே ஓடிக் கூடையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் என் பாதி ஆயுள் போய்விட்டது. உருண்டையைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டுப் பிறகுதான் மிஷினில் வைக்க வேண்டும் என்று சுந்தரி சொன்னாள். பாதி வெந்ததும் கூடையை வெளியே இழுத்துக் குலுக்கிவிட வேண்டும் என்றும் சொன்னாள். எல்லாம் கற்றேன். அப்புறம் காலிஃப்ளவரில் சீஸ் தூவி ஒரு தினுசு, சேப்பங்கிழங்கில் ஒரு தினுசு என்று நானே கண்டுபிடிக்கவும் ஆரம்பித்தேன். என்னை நினைக்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு வடைக்காக ஒரு மனிதன் எவ்வளவு காய் நறுக்குவது.

ஆனால் திட்டம் தவறாமல் நடந்தது. நான் மேலே போவேன், அக்கா வடை தருவார், பாதிப் படியில் உட்காருவேன், பேப்பரை மூக்கில் வைத்து எண்ணெய் வாசம் பிடிப்பேன், வடையைத் தின்பேன், சீனியைக் கொட்டுவேன். முதல் நாள் மாதிரி சுடச்சுட இல்லாவிட்டாலும் வடையின் மொறுமொறுப்பு போகவே இல்லை. எண்ணெய்ச் சட்டி எண்ணெய்ச் சட்டிதான் என்று உருகிப்போனேன். ஆபீஸ் முடிந்து வந்ததும் சில நாள் மிஷினைத் தொட்டால் லேசாகச் சுடும். தூத்துக்குடி வெயிலில் சுடாத சாமான் எது என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் மறுபடியும் ரத்தப் பரிசோதனை. கொழுப்பு இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் எண்ணெய் வடை தின்று கொழுப்பு குறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எண்ணெயே மருந்து. இதை டாக்டரிடம் சொல்ல முடியாமல் தவித்தேன்.

அப்போதுதான் இடி விழுந்தது. சுந்தரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசியது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அவள் தங்கச்சி இசக்கிச்செல்வியிடம். "பரண்ல சும்மாதான் கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கோ."

"எதளா எடுக்கச் சொல்லுத?"

"அந்த இருப்புச்சட்டிய. அவ வீட்டுல ஆள் சாஸ்தி. ஒதவும்."

"அது இங்கனயே இருக்கட்டுமே. நாளைக்கு ஒரு நல்ல நாள் பொல்லாத நாள்..."

"எதுக்கு? மிஷினே போதும்னு தினமும் நீங்கதான சமைக்கீங்க. நானா சமைக்கேன்?"

நான் சுட்ட ஒவ்வொரு உருண்டையும் என் சட்டிக்கு நானே தோண்டிய குழி என்று அப்போதுதான் புரிந்தது. பரணில் இருக்கும் வரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. என்றாவது டாக்டர் மனம் மாறுவார், சுந்தரி மனம் மாறுவாள், சட்டி இறங்கும் என்று. ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய்விட்டால் அது திரும்பி வராது. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசித்தேன். வேறு வழி இல்லை. ரகசியத்தைப் பலி கொடுத்தாவது சட்டியைக் காப்பாற்றிவிட வேண்டும்.

இசக்கிச்செல்வி பெரிய பையோடு வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டி வந்தது நான்தான். சுந்தரி மாடியிலிருந்து அண்ணாச்சியையும் அக்காவையும் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தாள். வரும்போதே அக்கா, காலையில் நான் உருண்டையோடு மேலே கொடுத்திருந்த டப்பாவை வடையோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எல்லாரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன்.

"எல்லாரும் ஒண்ணு எடுத்துத் தின்னுங்க. ஒரு உண்மையச் சொல்லப் போறேன்."

தின்றார்கள்.

"நல்லாருக்கு அத்தான்" என்றாள் இசக்கிச்செல்வி.

"நல்லாத்தான் இருக்கும். எண்ணெய்ச் சட்டியில மிதந்த வட. இத தினமும் நான் தின்னுட்டு வாரேன். ஆமா சுந்தரி, ஒனக்குத் தெரியாம. தின்னுமே கொழுப்பு எறங்கியிருக்கு. அப்ப எண்ணெயில என்ன குத்தம்? சட்டி இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாது."

சுந்தரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த மிஷின்ல இப்படி வராதோ?"

"ஏழு ஜென்மத்துக்கும் வராது. வந்துட்டா நானே சட்டிய எறக்கிக் குடுத்து பஸ்லயும் ஏத்திவிடுதேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஏர் ஃப்ரையரின் கூடையை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஆமவடை. டப்பாவில் இருந்த அதே அளவு, அதே நிறம், ஓரத்தில் அதே கறிவேப்பிலை.

"இது மிச்சம்" என்றாள்.

அக்காவைப் பார்த்தேன்.

"மொத நாள் குடுத்தது மட்டும்தான் தம்பி நான் சுட்டது" என்றார் அக்கா. "மத்ததெல்லாம் நீங்க வாரதுக்கு முன்னாடி சுந்தரி சுட்டுக் கொண்டாந்து வச்சிட்டுப் போறது."

"அப்ப பேப்பர்ல இருந்த எண்ணெய்?"

"அது நான் தடவினது. அது இல்லாட்டா நீங்க நம்ப மாட்டீங்கன்னு அவதான் சொன்னா."

அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒரு ஆம்பளையாவது என் பக்கம் நிற்பார் என்று ஒரு நப்பாசை.

"எனக்கும் தெரியும்லே" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "சொன்னா நீ உருண்டை கொண்டு வரத நிப்பாட்டிருவியே. அந்த சீஸ் உருண்ட ரொம்ப நல்லாருக்கு, அதான்."

"எப்படிளா கண்டுபிடிச்ச?" என்றேன் சுந்தரியிடம்.

"கருப்பட்டி வீட்டுலருந்து சீனி வந்தா கண்டுபிடிக்க மாட்டாங்களா? அக்காகிட்டக் கேட்டேன், வட குடுத்ததாச் சொன்னாவ. வேண்டாம்னு சத்தம் போட்டா கடையில போய்த் திம்பீங்க. அதான் நானே சுட்டுக் குடுத்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கஸ்டம்ஸ் அதிகாரிகளோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். என் சரக்கைப் பிடித்து, எனக்கே தெரியாமல் மாற்றி, என்னையே சுமக்க வைத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தியோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. ஸ்டூலில் ஏறினேன். சுந்தரி கீழே பிடித்துக்கொண்டாள். மூலையிலிருந்து சட்டியை இழுத்தேன். அதன் அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் பிசுபிசுத்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். இந்தத் தடவை தூசி என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. இறங்கி வந்து இசக்கிச்செல்வியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பையில் வைக்கப் போனாள்.

"கொஞ்சம் இருளா" என்று சுந்தரி தடுத்தாள். என் பக்கம் திரும்பி, "வெறும் சட்டிய அனுப்பக் கூடாது. சட்டப் பையில ஆபீஸ் சீனிப் பொட்டலம் மிச்சம் கெடக்கும்லா, அத எடுத்து அதுல போடுங்க."