பார்சல் பாவாவின் அலாரக் கடிகாரம்

திருத்தணி மலைக்கு முருகனைப் பார்க்க ஏறியவர்களைவிட, பார்சல் பாவா பார்சல் பிரிப்பதைப் பார்க்க ஏறியவர்களே அதிகம் என்று சொன்னால் முருகன் கோபிக்கமாட்டார்.

பாவா மலைமேல் பக்தர்களுக்கு மொட்டை போடுகிறவர். பம்பாய்க் கம்பெனி கேட்லாக்கைப் பார்த்து எழுதிப் போடுவார், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் பார்சல் வரும். சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டாமல் அரக்கு முத்திரையை உடைக்கமாட்டார். முந்நூற்று அறுபத்தைந்து படியும் அதைத் தலையில் சுமந்து ஏறுவார். தெருவில் பாதி பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறுவோம்.

கேட்டது ஒருநாளும் வந்ததில்லை. குடை கேட்டார், அவித்த முட்டையை வில்லை வில்லையாக அறுக்கும் கம்பி மிஷின் வந்தது. பாவா கவுச்சி தொடாதவர்.

"திருப்பி அனுப்பு பாவா" என்றேன்.

"சும்மா இருடா. பொருள் தப்பில்ல. அதுக்கு இன்னா வேலைன்னு நமக்குத்தான் இன்னும் தெரியல."

மூன்றாம் நாள் அதில் வாழைப்பழம் அறுத்துப் பஞ்சாமிர்தம் பண்ணினார்.

ஊர் சிரித்தது. அவர் சம்சாரம் ராஜம்மா அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு பார்சல் வரட்டும், பள்ளிப்பட்டுக்கு எங்க நைனா வூட்டுக்குப் போயிகினே இருப்பேன்."

பாவா என்னிடம் வந்தார். "அலாரக் கடிகாரம் ஒண்ணு எழுதிட்டேன். உன் பேருக்கு வருது."

எனக்கு மறுத்துப் பேச வராது. பொய்யும் வராது. தபால்காரர் பார்சலை நீட்டும்போது அக்கா எதிரே வந்தாள். "இது யாருது?" என்றாள். என் முகமே சொல்லிவிட்டது. டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"ஓடு பாவா" என்றேன்.

"முத்திரைய ஒடைச்சிட்டு ஓடறேன்டா" என்று படி ஏறினார். என்னால் வந்த வினையாயிற்றே என்று நானும் ஏறினேன்.

பிரித்தால், தூரத்தைக் கிட்டே காட்டும் குழாய். பாவா அதைக் கீழே பஸ் நிற்கிற பக்கம் திருப்பினார். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் யுத்த காலத்துக் கரி பஸ். அடுப்பு புகைந்தால்தான் கிளம்பும்.

"ஏறிட்டாளா பாவா?"

"ஆங். ஜன்னலாண்ட குந்திகினு கீறா."

புகை வந்தது. பாவா குழாயைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பஸ் நகர்ந்து போனது.

"எறங்கிட்டாடா. பெட்டி மேல குந்திகினு மலையையே பாக்கறா."

குழாயை என்னிடம் திணித்துவிட்டு ஓடினார். நான் அதில் பார்த்தேன். அவர் போய் நின்றதும் அக்கா எழுந்தாள். பெட்டியைத் தூக்கி அவர் தலைமேல் வைத்தாள்.

அடுத்த பார்சல் அக்கா பேருக்கு வந்தது. அவளே சுமந்து மலை ஏறினாள். "இந்தவாட்டி இன்னா வந்துகீதோ" என்று கற்பூரம் அணையும் முன்னே முத்திரையில் கை வைத்தாள்.

இன்று இருவரும் இல்லை. எனக்குப் பார்சல் அனுப்ப யாரும் இல்லை. ஆனாலும் தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினால், நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறேன்.