குளியலறையில் எட்டு இருமல்

குமாஸ்தா கத்தியைத் தூக்கியதும் எட்டுக் கோழிகளும் அவரை நோக்கி ஓடி வந்தன. அவர் கையில் எது இருந்தாலும் அது தீவனம்தான் என்பது அவற்றின் நம்பிக்கை.

"என்னங்க, ஆச்சா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"என்னையே பாக்குதுடி!"

"பாக்காம? பேப்பரா படிக்கும்?"

கறிக்கென்றே வளர்த்த கோழிகள். கொல்லைப் புல்தரையில், அடிப்பக்கம் திறந்த கூண்டுக்குள் மேய்ந்து வளர்ந்தவை. தினமும் காலையில் கூண்டைப் புதுப்புல்லுக்கு இழுத்து வைத்ததில் குமாஸ்தாவுக்கு இடுப்பு போனதுதான் மிச்சம். போதாக்குறைக்கு அந்தப் பெருமையை ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டார். விளைவு, இன்று மத்தியானம் மேனேஜரே சாப்பிட வருகிறார். தலைமைக் குமாஸ்தா பதவி யாருக்கு என்று இந்த வாரம் முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான்.

குமாஸ்தா கத்தியைக் கீழே போட்டார். "கடையில கறி வாங்கிட்டு வந்துடறேன். நம்ம கோழின்னு சொல்லிக்கலாம்."

"சரி, இதுங்க உயிரோட மேயறதைப் பாத்தா?"

அதுவும் நியாயம்தான். எட்டையும் வாரிக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

மேனேஜர் காரில் வந்தார். டிரைவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், மூன்று தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார்.

"புல்லு மேஞ்ச கோழின்னா ருசியே தனிதான்யா! வெட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"உங்க கையாலயா?"

"எட்டையும் சார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!"

மேனேஜர் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் குளியலறைக்குள்ளிருந்து 'கொக்கொக்' என்று சத்தம்.

"என்ன அது?"

"மாமியார் சார். இருமல்."

மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. உள்ளே எட்டுத் தொண்டைகளும் சேர்ந்துகொண்டன.

"உங்களுக்கு எத்தனை மாமியார்யா?"

"ஒண்ணுதான் சார். சளி ஜாஸ்தி."

தடால் என்று வாளி உருண்டது.

"ஐயோ, விழுந்துட்டாங்க போல!" மேனேஜர் எச்சில் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

எட்டு மாமியார்களும் வெளியே பாய்ந்தன. இரண்டு மேஜை மேல் ஏறின. ஒன்று மேனேஜரின் ஷூவைக் கொத்திப் பார்த்தது. மற்றவை குமாஸ்தாவின் காலைச் சுற்றிக்கொண்டு தீவனம் கேட்டன. அவர் குனிந்து ஒன்றைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

"பொய் சொல்லிட்டேன் சார். பதவி போனாலும் போகட்டும். இதுங்களை வெட்ட எனக்கு மனசு வரலை."

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒண்ணைக்கூடவா வெட்டலை?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"இல்லை சார்."

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, கைக்கு ஒரு கூடையாக டிரைவர் உள்ளே வந்தார்.

"ஐயா, நீங்க ஆசையா வளர்த்துட்டு வெட்ட மனசு வராம அழுதீங்களே, அந்தப் பத்துக் கோழியையும் இறக்கிட்டேன். வெட்டித் தர கல்நெஞ்சுக்காரர் ஒருத்தர் இருக்காருன்னீங்களே, அவர் எங்கே?"